மருந்து சாப்பிட்டும் கால் ஏன் மீண்டும் வீங்குகிறது?

வானொலியில் உடல்நல அங்கம் முடிந்து பாடல் ஒலிக்கத் தொடங்கிய பிறகுதான் உண்மையான கேள்விகள் வரும். ஒலிபரப்பில் பேசத் தயங்கியவர்கள் அப்போதுதான் அழைப்பார்கள். அண்மையில் கிள்ளானிலிருந்து அழைத்த ஒரு பெண் கேட்டார்: "அம்மாவுக்குக் கால்ல ரத்தக் கட்டி வந்து அஞ்சு மாசமாச்சு. டாக்டர் கொடுத்த மாத்திரையத் தவறாம சாப்பிடுறாங்க. இப்ப அதே கால் மறுபடியும் வீங்கியிருக்கு. பக்கத்து வீட்டு அக்கா, மாத்திரை வேலை செய்யல, நிறுத்திடுங்கன்னு சொல்றாங்க. நிறுத்தலாமா?"

கூடாது. அந்த ஒரு சொல்லை முதலில் சொல்லிவிட்டேன். மருத்துவமனைக்கு உடனே அழைத்துப் போங்கள் என்றும் சொன்னேன். ஆனால் "ஏன் மீண்டும் வந்தது?" என்ற கேள்விக்கு மூன்று நிமிடப் பாடல் இடைவெளியில் பதில் சொல்ல முடியாது. இந்த மருந்துகளைச் சாப்பிடும் ஒருவராவது நம் உறவில் இருப்பார் என்பதால் அந்தப் பதிலை இங்கே எழுதுகிறேன்.

மாத்திரை சாப்பிடும்போதே கட்டி திரும்பி வந்தால் 'மருந்து தோற்றுவிட்டது' என்று முடிவு கட்டிவிடக்கூடாது. அதற்கு ஏதோ ஒரு காரணம் இருக்கிறது, அதைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். பல நேரங்களில் அந்தக் காரணம் வீட்டிலேயே கிடைத்துவிடும். வீட்டில் கிடைக்கவில்லை என்றால் உடலுக்குள் தேடியாக வேண்டும்.

மாத்திரையின் வேலை என்ன?

நம் கால்களில் தோலுக்கு அடியில் தெரியும் பச்சை நரம்புகளைத் தவிர, தசைகளுக்கு நடுவே ஆழத்தில் ஓடும் பெரிய நாளங்களும் உண்டு. பாதத்திலிருந்து இதயத்துக்கு இரத்தத்தை மேலே ஏற்றுவது இவற்றின் வேலை. நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி, பம்பு போல இரத்தத்தை மேலே தள்ளுகிறது. இந்த ஆழ்நாளங்களில் இரத்தம் உறைந்து கட்டியாகிவிட்டால் கால் வீங்கும், கெண்டைக்கால் வலிக்கும், தொட்டால் சூடாக இருக்கும். சிவந்து போகும் என்று புத்தகங்கள் சொல்கின்றன. நம் மாநிறத் தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. ஒரு காலை மற்ற காலோடு ஒப்பிட்டுப் பார்த்தால்தான் நிறம் கறுத்திருப்பது புரியும்.

கட்டி காலோடு நின்றுவிட்டால் பரவாயில்லை. அது உடைந்து, இரத்தத்தோடு ஓடி, நுரையீரலில் போய் அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து.

'இரத்தத்தை மெலிதாக்கும் மாத்திரை' என்று நாம் சொல்கிறோம். உண்மையில் அது இரத்தத்தில் தண்ணீர் கலப்பதில்லை. ஏற்கனவே உள்ள கட்டியைக் கரைப்பதும் இல்லை. அந்தக் கட்டி வளராமலும் புதிய கட்டி உருவாகாமலும் அது காவல் காக்கிறது. பழைய கட்டியைக் கரைப்பது நம் உடலின் வேலை. அதற்கு வாரங்கள் ஆகலாம், மாதங்களும் ஆகலாம்.

காவல் எவ்வளவு நன்றாக நடக்கிறது? ரிவரொக்சபான் மருந்தை ஆராய்ந்து 2010-இல் வெளியான பெரிய ஆய்வில், காலில் கட்டி வந்தவர்களுக்கு அந்த மருந்து கொடுக்கப்பட்டபோது 2.1 விழுக்காட்டினருக்கு மீண்டும் கட்டி வந்தது. பழைய முறைப்படி ஊசியும் அதன் பின் வார்ஃபரின் வகை மாத்திரையும் பெற்றவர்களில் அது 3 விழுக்காடு. அபிக்சபான் மருந்துக்கு 2013-இல் வெளியான ஆய்விலும் ஏறக்குறைய இதே அளவுதான். அதாவது நூறு பேரில் இரண்டு, மூன்று பேர். அபூர்வமாக நடப்பது என்பதால்தான், நடந்துவிட்டால் 'ஏன்?' என்று கேட்டே ஆக வேண்டும்.

முதல் கேள்வி: இது புதிய கட்டியா?

காலில் வந்த கட்டி சிலருக்கு முழுமையாகக் கரைவதில்லை. காயம் ஆறினாலும் தழும்பு நிற்பதுபோல, நாளத்தின் சுவரில் அதன் மிச்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். நாளத்துக்குள் இரத்தம் கீழே இறங்காமல் தடுக்கும் சிறு கதவுகள் உண்டு, அவையும் பழுதாகிவிடும். அதனால் மாலையானால் கால் கனக்கும், வீங்கும், கணுக்காலைச் சுற்றிக் கறுக்கும். ஒருமுறை கட்டி வந்தவர்களில் ஐவரில் ஒருவருக்காவது, ஏன், இருவரில் ஒருவருக்குக்கூட இந்தப் பின்விளைவு ஏற்படலாம்.

ஸ்கேன் எடுத்தால் அந்தப் பழைய தழும்பும் கட்டி போலவே தெரியக்கூடும். புதியதா பழையதா என்று சொல்ல மருத்துவருக்கு முந்தைய ஸ்கேன் அறிக்கை தேவை. நம்மில் பலர் முதல் ஸ்கேனைத் தனியார் மருத்துவமனையில் எடுத்துவிட்டு, செலவு தாங்காமல் அரசாங்க மருத்துவமனைக்கு மாறியிருப்போம். அறிக்கை எங்கோ அலமாரியில் கிடக்கும். அதைத் தேடி எடுத்து, கைப்பேசியில் படம் பிடித்து, பிள்ளைகளுக்கும் அனுப்பி வையுங்கள். சிகிச்சை முடியும் கட்டத்தில் மீண்டும் ஒரு ஸ்கேன் எடுத்து வைத்துக்கொள்ளலாமா என்றும் மருத்துவரிடம் கேளுங்கள். பின்னாளில் ஒப்பிட அது உதவும்.

இதையெல்லாம் படித்துவிட்டு, 'இது பழைய வீக்கம்தான்' என்று வீட்டிலேயே முடிவு செய்துவிடாதீர்கள். புதிதாக வீங்கினால், வலி கூடினால் அன்றே காட்ட வேண்டும்.

இரண்டாவது தேடல்: சமையலறை மேசையில்

புதிய கட்டிதான் என்று உறுதியானால் மருத்துவர் முதலில் கேட்பது, "மாத்திரையை எப்படிச் சாப்பிடுகிறீர்கள்?" என்பதாகத்தான் இருக்கும். அதைக் குற்றம் சாட்டும் கேள்வியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 'தவறாமல் சாப்பிடுகிறேன்' என்ற பதிலுக்குள் எத்தனையோ ஓட்டைகள் ஒளிந்திருக்கும்.

ரிவரொக்சபான், அபிக்சபான், டாபிகட்ரான் போன்ற புதிய வகை மாத்திரைகளின் வேகம் உடலில் ஏறக்குறைய அரை நாளில் பாதியாகக் குறைந்துவிடும். ஒரு நாள் விட்டாலே காவல் இல்லாமல் போகும். மாத்திரை தீர்ந்து, தீபாவளி விடுமுறை முடிந்து வாங்கிக்கொள்ளலாம் என்று மூன்று நாள் தள்ளிப்போட்டால் அந்த மூன்று நாளும் வீட்டுக் கதவைத் திறந்து போட்டுத் தூங்குவதுபோல.

அளவு மாறும் கட்டத்திலும் குழப்பம் வரும். ரிவரொக்சபான் வழக்கமாக முதல் 21 நாள்களுக்கு 15 மில்லிகிராம் வீதம் நாளுக்கு இரண்டு வேளை. பிறகு 20 மில்லிகிராம் ஒரு வேளை. அபிக்சபான் முதல் 7 நாள்களுக்கு 10 மில்லிகிராம் வீதம் இரு வேளை. பிறகு 5 மில்லிகிராம் வீதம் இரு வேளை. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய களைப்பில், எந்தப் பெட்டி எந்த நாளுக்கு என்பது பாட்டிக்கும் தெரியாது, பேரனுக்கும் தெரியாது.

நம்மவர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டிய ஒன்று, விரதம். ரிவரொக்சபானின் 15, 20 மில்லிகிராம் மாத்திரைகளை உணவோடுதான் சாப்பிட வேண்டும். வெறும் வயிற்றில் 20 மில்லிகிராம் மாத்திரையைப் போட்டால் அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உடலில் சேராமலேயே போய்விடும். புரட்டாசி சனிக்கிழமை, கந்த சஷ்டி, தைப்பூசத்துக்கு முந்திய நாள்கள் என்று விரதம் இருப்பவர்கள் காலையில் மாத்திரையைத் தண்ணீரோடு மட்டும் விழுங்கினால், 'ஒரு நாளும் விட்டதில்லை' என்பது உண்மையாக இருக்கும், ஆனால் மருந்தின் ஒரு பகுதி வீணாகியிருக்கும். விரதத்தை விடச் சொல்லவில்லை. ஒரு வேளை முழு உணவு சாப்பிடும் நேரத்துக்கு மாத்திரையை மாற்றிக்கொள்ள முடியுமா என்று விரதம் தொடங்கும் முன்பே மருந்தாளரிடம் கேளுங்கள். அபிக்சபானுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை.

டாபிகட்ரான் மாத்திரை ஈரம் பட்டால் கெட்டுவிடும். அதை அதன் சொந்த உறையிலேயே வைத்திருக்க வேண்டும். திங்கள், செவ்வாய் என்று கட்டம் போட்ட மாத்திரைப் பெட்டியில் பிரித்துப் போட்டு வைப்பது மற்ற மாத்திரைகளுக்கு நல்ல பழக்கம், இதற்கு மட்டும் ஆகாது.

வார்ஃபரினும் முருங்கைக்கீரையும்

வார்ஃபரின் பழைய மருந்து. அதன் கதையே விசித்திரமானது. 1920-களில் வட அமெரிக்காவில், கெட்டுப்போன ஒருவகைத் தீவனத்தைத் தின்ற மாடுகள் இரத்தம் உறையாமல் செத்து விழுந்தன. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கார்ல் பால் லிங்க் என்பவரின் ஆய்வுக்குழு அந்தத் தீவனத்தில் இருந்த பொருளைப் பிரித்தெடுத்தது. அதன் வழியில் பிறந்த வார்ஃபரின் 1948-இல் எலி மருந்தாக விற்பனைக்கு வந்து, 1954-இல் மனிதர்களுக்கான மருந்தானது. அடுத்த ஆண்டே மாரடைப்பு வந்த அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவருக்கு அது கொடுக்கப்பட்டது.

இரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே-யின் வேலையை இந்த மருந்து தடுக்கிறது. முருங்கைக்கீரை, பசலை, சாவி, கங்கோங் போன்ற கீரைகளில் அந்த வைட்டமின் ஏராளம். வாரம் முழுக்கக் கீரையைத் தொடாமல் இருந்துவிட்டு, உடலுக்கு நல்லது என்று யாரோ சொன்னதற்காகத் தினமும் முருங்கைக்கீரைச் சாறு குடிக்கத் தொடங்கினால் மருந்தின் பிடி தளரும். கீரையை ஒதுக்க வேண்டியதில்லை. வாரத்துக்கு வாரம் ஏறக்குறைய ஒரே அளவில் சாப்பிட்டால் போதும்.

வார்ஃபரின் சாப்பிடுபவர்களின் இரத்தத்தை ஐஎன்ஆர் என்ற அளவால் சோதிப்பார்கள். காலில் கட்டி வந்தவர்களுக்கு அது பொதுவாக 2-க்கும் 3-க்கும் இடையில் இருக்க வேண்டும். 2-க்குக் கீழே இறங்கினால் கட்டி வரலாம், மிக ஏறினால் இரத்தம் கசியலாம். நம் நாட்டில் பல அரசாங்க மருத்துவமனைகளில் மருந்தாளர்களே நடத்தும் வார்ஃபரின் கிளினிக் உண்டு. அங்கே கொடுக்கும் சிறு புத்தகத்தில் ஒவ்வொரு முறையும் அந்த எண் குறிக்கப்படும். கட்டி திரும்பி வந்தால் அந்தப் புத்தகத்தின் கடைசிச் சில வரிகளிலேயே காரணம் தெரிந்துவிடக்கூடும்.

மற்ற மருந்துகளும் குறுக்கே வரும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்பு நோய்க்கான ஃபெனிடோயின், கார்பமசெபின் ஆகியவை வார்ஃபரினின் வேகத்தையும் குறைக்கும், புதிய வகை மாத்திரைகளின் வேகத்தையும் குறைக்கும். ஜின்செங் வார்ஃபரினைத் தளர்த்தக்கூடும். ஜாமு, மூலிகைச் சூரணம், நேரடி விற்பனையில் வாங்கிய சத்துமாவு என்று எதைச் சாப்பிட்டாலும் சொல்லிவிடுங்கள். 'அது மருந்தில்லையே' என்று நாம் மறைக்கும் பொட்டலமே பல நேரம் மருத்துவர் தேடுகிற காரணமாக இருக்கும்.

வீட்டில் காரணம் கிடைக்காவிட்டால்

மாத்திரை சரியாகப் போயிருக்கிறது, உணவிலும் குழப்பமில்லை. அப்படியும் கட்டி வந்தால் உடலுக்குள் தேட வேண்டும்.

முதலில் மருத்துவர் நினைப்பது, வெளியே தெரியாத புற்றுநோய். இரத்தக் கட்டிக்கும் புற்றுநோய்க்கும் உள்ள உறவை 1865-இல் எடுத்துச் சொன்னவர் பிரெஞ்சு மருத்துவர் அர்மான் ட்ரூசோ. பின்னர் தமது உடலிலேயே அந்த அறிகுறியைக் கண்டு, தமக்கு என்ன நோய் என்பதை அவரே உணர்ந்தார். 1867-இல் புற்றுநோயால் காலமானார். கட்டி வந்த எல்லாருக்கும் புற்றுநோய் இருக்கும் என்று அஞ்ச வேண்டாம். ஆனால் மருந்தையும் மீறித் திரும்பி வரும்போது, காரணமில்லாத எடைக்குறைவு, பசியின்மை, மலத்தில் இரத்தம், மார்பில் கட்டி போன்றவற்றை மருத்துவர் விசாரித்தால் வெட்கப்படாமல் பதில் சொல்லுங்கள். தள்ளிப்போட்ட பரிசோதனைகள் இருந்தால் செய்துகொள்ளுங்கள்.

இரண்டாவது காரணம் இளம் பெண்கள் அதிகம் அறிந்திருக்க வேண்டியது. என் பெரியம்மா மகளுக்கு முப்பத்து நான்கு வயது. இரண்டு முறை கரு கலைந்தது. பிறகு காலில் கட்டி. புதிய வகை மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதே மீண்டும் கட்டி. உறவினர்கள் கருக்கலைவுக்கு ஒரு கதையும் கால் வீக்கத்துக்கு ஒரு கதையும் சொன்னார்கள். இரத்தப் பரிசோதனைதான் இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டது: ஆன்டிபாஸ்போலிபிட் நோய்க்குறி. உடலின் எதிர்ப்பாற்றலே தடம் மாறி இரத்தத்தை உறையவைக்கும் நிலை இது. லண்டன் மருத்துவர் கிரகாம் ஹியூஸ் 1983-இல் விவரித்ததால் அவர் பெயராலும் இது அழைக்கப்படுகிறது. லூபஸ் நோய் உள்ளவர்களிடம் இது அதிகம்.

இந்த நோயில் மருந்தின் பெயரே முக்கியமாகிவிடுகிறது. மூன்று வகை எதிர்ப்புப் பொருள்களும் இரத்தத்தில் உள்ள நோயாளிகளிடம் ரிவரொக்சபானையும் வார்ஃபரினையும் ஒப்பிட்ட ஆய்வு ஒன்று, ரிவரொக்சபான் சாப்பிட்டவர்களுக்கு அதிகப் பாதிப்பு ஏற்பட்டதால் பாதியிலேயே நிறுத்தப்பட்டது. அதன் முடிவு 2018-இல் வெளியானது. புதியது எல்லாம் எல்லாருக்கும் சிறந்தது அல்ல. என் அக்காவுக்கும் மருத்துவர்கள் பழைய வார்ஃபரினையே கொடுத்தார்கள். இப்போது மாதந்தோறும் விரலில் ஊசி குத்திக்கொள்ளச் சலிப்பாக இருக்கிறது என்று முணுமுணுப்பார், ஆனால் ஒரு முறையும் போகாமல் இருந்ததில்லை.

மூன்றாவது, உடலமைப்பு. வலது காலுக்குப் போகும் தமனி, இடது காலிலிருந்து வரும் நாளத்தின் மேல் குறுக்கே செல்கிறது. சிலருக்கு அது நாளத்தை அழுத்திச் சப்பையாக்கிவிடும். மே, தர்னர் என்ற இரு மருத்துவர்கள் 1957-இல் இதை விவரித்தார்கள். இடது காலிலேயே மீண்டும் மீண்டும் கட்டி வந்தால், அதுவும் தொடை வரை வீங்கினால், இடுப்புப் பகுதியையும் ஸ்கேன் செய்ய வேண்டுமா என்று கேட்கலாம். அங்கே சிறு வலைக்குழாய் பொருத்துவது சிலருக்குத் தீர்வாகும்.

கர்ப்பம், கருத்தடை மாத்திரை, மிகுந்த உடல் எடை ஆகியவையும் கணக்கில் வரும். வார்ஃபரின் கருவைப் பாதிக்கக்கூடியது. புதிய வகை மாத்திரைகளும் கர்ப்பிணிகளுக்கு உகந்தவை அல்ல. கர்ப்பம் என்று சந்தேகம் வந்த அன்றே மருத்துவரைப் பாருங்கள், ஊசிக்கு மாற்றுவார்கள்.

மருத்துவர் என்ன செய்வார்?

மாத்திரையிலேயே கட்டி திரும்பியவர்களுக்கு, பெரும்பாலும் தோலுக்கடியில் போடும் ஹெபரின் வகை ஊசிக்கு, குறைந்தது ஒரு மாதமாவது, மாற்றுவார்கள். ஊசியிலேயே திரும்பி வந்தால் அதன் அளவைக் கூட்டுவார்கள். புற்றுநோயாளிகளிடம் இந்த வகை ஊசி, வார்ஃபரினைவிடக் கட்டி திரும்பும் வாய்ப்பை ஏறக்குறைய பாதியாகக் குறைத்ததை 2003-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஹெபரின் பன்றியின் குடலிலிருந்து எடுக்கப்படுவது. சமயம் அல்லது சைவ உணவுக் கொள்கை காரணமாகத் தயக்கம் இருந்தால் ஊசியைத் தவிர்த்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்காதீர்கள். ஆய்வகத்தில் தயாராகும் மாற்று மருந்தும் உண்டு. மருத்துவரிடம் வெளிப்படையாகப் பேசுங்கள்.

பேசத் தயங்காதீர்கள்

டென்னிஸ் வீராங்கனை செரீனா வில்லியம்சுக்கு 2011-இல் நுரையீரலில் கட்டி வந்தது. 2017-இல் அறுவை சிகிச்சை மூலம் மகளைப் பெற்றெடுத்த மறுநாள், அவருக்கு மூச்சுத் திணறியது. அறுவைக்காக அவருடைய மருந்து நிறுத்தப்பட்டிருந்தது. தமக்கு ஸ்கேனும் ஹெபரினும் தேவை என்று அவரே சொன்னார். வலி மருந்தின் மயக்கத்தில் பேசுகிறார் என்று தாதி எண்ணினார். முதலில் கால்களைப் பரிசோதித்தபோது ஒன்றும் தெரியவில்லை. அவர் விடாமல் வற்புறுத்திய பிறகு எடுத்த ஸ்கேனில் நுரையீரலில் பல சிறு கட்டிகள் இருந்தன. உலகப் புகழ்பெற்ற வீராங்கனைக்கே அந்த நிலை. நம் அம்மாக்களுக்காக நாம்தான் பேச வேண்டும்.

குடும்பம் செய்யக்கூடியவை

• மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், இரட்டிப்பாக்கவும் வேண்டாம். ஒரு வேளை மறந்தால் என்ன செய்வது என்பது மருந்துக்கு மருந்து வேறுபடும். மருந்தாளரிடம் முன்கூட்டியே கேட்டு, எழுதி, குளிர்பெட்டியின் கதவில் ஒட்டி வையுங்கள்.

• மாத்திரையை நிறத்தை வைத்து அல்ல, மில்லிகிராம் அளவை வைத்து அடையாளம் காணுங்கள். தயாரிப்பாளர் மாறினால் நிறமும் மாறலாம்.

• பத்து நாளைக்குரிய மருந்து மிச்சம் இருக்கும்போதே அடுத்ததை வாங்கிவிடுங்கள்.

• பல் பிடுங்குவது, அறுவை சிகிச்சை போன்றவற்றுக்கு முன், மருந்தை நிறுத்த வேண்டுமா, எப்போது மீண்டும் தொடங்குவது என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

• மூட்டுவலிக்குக் கடையில் கிடைக்கும் வலி மாத்திரையைக் கேட்காமல் வாங்கிச் சாப்பிடாதீர்கள். பல வலி மாத்திரைகள் இம்மருந்தோடு சேர்ந்தால் இரத்தக் கசிவை உண்டாக்கும்.

• ஜோகூர் பாருவிலிருந்து பினாங்கு வரை பேருந்தில் போகிறவர்கள் ஓய்விடங்களில் இறங்கி நடங்கள். இருக்கையிலும் கணுக்காலை ஆட்டிக்கொண்டே இருங்கள். தண்ணீர் குடியுங்கள்.

• மலம் கறுப்பாகப் போனாலோ, தலையில் அடிபட்டாலோ, இரத்தம் நிற்காமல் வந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

• திடீர் மூச்சுத் திணறல், மூச்சை இழுத்தால் நெஞ்சுவலி, இருமலில் இரத்தம், மயக்கம்: இவற்றில் எது வந்தாலும் காத்திராமல் 999-ஐ அழையுங்கள்.

அடுத்த மருத்துவச் சந்திப்புக்குப் போகும்போது ஒரு பையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் வீட்டிலுள்ள எல்லா மாத்திரைகளும், மூலிகைப் பொட்டலங்களும், பழைய ஸ்கேன் அறிக்கைகளும், வார்ஃபரின் புத்தகமும் இருக்கட்டும். அதை மருத்துவரின் மேசையில் வைத்துவிட்டு இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: "மருந்து சாப்பிட்டும் இது ஏன் வந்தது, டாக்டர்?" காரணத்தைத் தேடும் வேலை அங்கிருந்துதான் தொடங்கும்.